எல்லை வளைந்த இடம்

சர்வேயர் நாடாவை இழுத்துப் பிடித்ததும், பக்கத்து வீட்டுத் தார்செம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.



எங்கள் சர்க்கரைக் கொட்டகையில் பாதி தன் மண்ணில் நிற்கிறது என்று அவள் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறாள். இன்று அவள் கைகாட்டும் இடத்தில் எல்லைக்கல் விழுந்தால் அடுப்பைப் பெயர்த்துவிட வேண்டியதுதான். தென்னம் பதநீரைக் காய்ச்சிச் சர்க்கரை வார்க்காத அன்று எங்கள் வீட்டில் உலை கொதிக்காது.

இந்தக் கடற்கரையில் தார்செம் அளவுக்கு மண்ணாசை பிடித்தவள் கிடையாது. எங்கள் மரத்து மட்டை அவள் பக்கம் விழுந்தால் அது அவள் விறகு. அவள் மரத்துக் காய் எங்கள் பக்கம் விழுந்தாலும் அது அவள் தேங்காய்தான்.

கல் ஊன்றும்போது இரண்டு வீட்டாரும் நேரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அதனால் அம்மாவும் வந்திருந்தாள், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு. அவளும் தார்செமும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் மகள் பிறந்தபோது ஊரே அரிசியும் சர்க்கரையுமாக வந்து பார்த்துவிட்டுப் போனது. தார்செம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அது அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது.

சர்வேயர் நாடாவோடு பின்னால் நகர்ந்து எங்கள் வாசற்படிக்குப் பக்கத்தில் கால் வைக்கப் போனார்.

"பாத்துங்க சார், பாப்பாவோட கொடி இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

சர்வேயர் சட்டென்று விலகினார். கவிழ்த்த கூடைக்குள் எரிந்துகொண்டிருந்த சின்ன பல்பைப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம். பொண்ணா?" என்று சிரித்தார்.

வலப்பக்கம் என்றால் பையன். நஞ்சுக்கொடியைக் கழுவி, பானையில் இட்டு, பெற்ற வீட்டு வாசலில் புதைத்து, மேலே கூடையோ பானையோ கவிழ்த்து விளக்கு வைப்பது எல்லோரும் செய்வதுதான். என்னுடையதை மட்டும் அப்பா கடலில் விட்டுவிட்டாராம். அப்படி விட்டால் பிள்ளை தூரதேசம் போய்ப் பிழைக்கும் என்பார்கள். நான் சந்தையைத் தாண்டியதில்லை. கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளைதான் இங்கே வந்து தங்கினார்.

"கல்லை எங்கம்மா ஊனறது?" என்றார் சர்வேயர்.

தார்செம் நடந்தாள். கொட்டகைப் பக்கம் போகவில்லை. தன் வாசலை நோக்கி நடந்தாள்.

"கொட்டகை அவங்களுக்கே இருக்கட்டும். எல்லைக்கோட்டை இங்க வளைச்சு, என் வாசப்படி வரைக்கும் கொண்டாங்க."

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்காவுக்குக் காய்ச்சல் போல. யாராச்சும் நெத்தியைத் தொட்டுப் பாருங்கப்பா," என்றது ஒரு குரல்.

அவளுடைய அண்ணன் மகன் ராசிகுன் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையில்லாத அத்தையின் மண் நாளை அவனுக்குத்தான். இறால் குட்டை வெட்டுகிறவர்களிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறான். அவர்கள் வந்தால் வீடும் மிஞ்சாது, வாசலும் மிஞ்சாது, எல்லாம் உப்புத் தண்ணீர்தான்.

"கோடு நேரா போனாத்தானே அத்தை அழகு?"

"அழகை வச்சு நாக்கு வழிக்கவா?" என்றாள் தார்செம்.

எனக்கு ஆவல் அடங்கவில்லை. காலமெல்லாம் பிடுங்கிய கை திடீரென்று கொடுத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவள் வாசலில் ஒரு பழைய மண்பானை கவிழ்ந்து கிடக்கும். அதற்குள் மழையைக் கட்டிவைத்திருக்கிறாள் என்று சின்ன வயதில் நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் தூக்கிப் பார்க்கப் போய் விளக்குமாற்றால் அடி வாங்கியிருக்கிறேன்.

சர்வேயர் பானைக்கு முன்னால் கல்லை வைத்தார்.

"அதுக்கு அந்தப் பக்கம் வைங்க. பானை அவங்க மண்ணுல வரணும்," என்றாள் தார்செம்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பானை வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது.

"இது யாரோட கொடி?" என்று கேட்டார் சர்வேயர். அவர் வெளியூர்க்காரர்.

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தென்னை உச்சியைப் பார்த்தார். இன்னொருவர் தன் செருப்பைப் பார்த்தார். ராசிகுன் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான். ஆனால் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று சர்வேயர் அவளையும் கேட்டார்.

அம்மா எல்லைக்கு நட்டிருந்த சிவப்பு இலைச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். அவற்றை அவள் தாண்டி நான் பார்த்ததே இல்லை. என் தோளிலிருந்த குழந்தையை வாங்கித் தார்செமின் கையில் வைத்தாள்.

"தலையைத் தாங்கிப் பிடி," என்றாள். "மறந்திருப்ப."

தார்செம் மறந்திருக்கவில்லை.