ஆயாம்மாவின் பத்து நிமிடம்

"பாருங்க டாக்டர், ஆயாம்மா என் பிள்ளையோட சாப்பாட்டைத் திங்கிறாங்க!"

அவள் போனை நீட்டிய வேகத்தில், பல் டாக்டர் மட்டுமல்ல, கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த பெரியவரும் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்.

குழந்தைகள் காப்பகத்தின் கேமராக் காட்சி அது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவளுக்கு அதைப் பார்க்க மதியம்தான் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஒன்றரை வயது சுண்டெலி வாயைத் திறந்து காத்திருக்கிறது. அவள் பிள்ளைக்கு வீட்டில் செல்லமாக வைத்த பெயர் அதுதான். ஆயாம்மா முதல் வாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். அப்புறம் கிண்ணத்தை மூடி எட்ட வைத்துவிடுகிறாள். குழந்தை கையை நீட்டுகிறது, சிணுங்குகிறது, கடைசியில் ஊரைக் கூட்டுகிறது. ஆயாம்மாவோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து நிமிடம் கழித்துத்தான் ஊட்டல்.

நேற்றும் இதே கூத்து. முந்தாநாளும்.

சுண்டெலிக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் சும்மா அரிப்பு, தடிப்பு இல்லை. துளி உள்ளே போனாலும் மூச்சு அடைத்துவிடும். ஏற்கெனவே ஒரு தடவை பிழைத்து வந்ததே மறுபிறவி. அதனால்தான் ஏழெட்டு காப்பகம் ஏறி இறங்கி, தனிப் பாத்திரத்தில் சமைக்கிறோம் என்று சத்தியம் செய்த இந்த இடத்தில் சேர்த்திருந்தாள். இங்கே இப்படி ஒரு அநியாயம்!

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காப்பகத்தில் போய் நின்றாள். நிர்வாகியம்மா காட்சியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஆயாம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

ஆயாம்மா இடுப்பில் சுண்டெலியோடு வந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்த குழந்தை, இறங்க மட்டும் மாட்டேன் என்று ஆயாம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பெற்றவளுக்கு அது வேறு எரிச்சல்.

"பசின்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆயாம்மா! வீட்டுலேருந்து நானே உங்களுக்குக் கட்டிக் கொடுத்திருப்பேனே. பச்சப்புள்ள சாப்பாட்டுல பங்கு போட எப்படி மனசு வந்துச்சு?"

"பசிக்கு இல்லம்மா. வேற ஸ்பூன்லதான்..."

"பேசாதீங்க! நீங்க தின்னுட்டு, அதை அழ வேற விடறீங்க!"

நிர்வாகியம்மா வளர்த்தவில்லை. "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

ஆயாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையின் மூக்கைத் துடைத்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"சரிங்கம்மா. ஆனா என் இடத்துக்கு வர்றவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. சமையல்கட்டுல பாத்திரம்தான் தனி, கரண்டி ஒண்ணுதான். போன மாசம் ஒரு நாள் முந்திரி அரைச்சு விட்டதைக் கிண்டின கரண்டியை அப்படியே பாப்பா பாத்திரத்துல போட்டுட்டாங்க. சமையல்காரர்கிட்ட சண்டைக்கே போனேன். உன் வேலையைப் பாருன்னுட்டாரு."

பெற்றவள் சுண்டெலியை வாரி எடுத்துக்கொண்டாள். "கரண்டி மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உதடெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துச்சே!"

"அய்யோ! எங்கிட்ட யாருமே சொல்லலையே! எம்புள்ளைக்கா?"

"பாப்பாவுக்கு இல்லம்மா, எனக்கு" என்றாள் ஆயாம்மா. "எனக்கும் பிறந்ததிலேருந்தே முந்திரி ஆகாது. என் வாய்க்குப் பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகலைன்னாத்தான் பாப்பா வாய்க்குக் கொடுப்பேன்."