பன்னிரண்டாவது அலுவலகம்

முஸ்லிம்களை நாட்டைவிட்டு விரட்டுவோம் என்ற தூய மண் கட்சி, 2061 தேர்தலில் நூறு இடம் பிடித்தது. அதை வெளியே நிறுத்த மற்ற பதினொரு கட்சிகளும் ஒன்றாகி ஆட்சி அமைத்தன. அன்று ஜைத்தூன் தன் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

இப்போது மூன்று மாதமாகக் குழாயில் மஞ்சள் தண்ணீர். மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். பதினொரு கட்சி அலுவலகங்களுக்கும் ஏறி இறங்கினாள். எங்கும் ஒரே பதில்தான்.

"நம்ம ஆட்சிம்மா. நாமளே கேள்வி கேட்டா அவனுங்க உள்ள வந்துருவானுங்க."

கடைசியில் புர்காவைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, தூய மண் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"உக்காருங்கக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் ஓர் இளைஞன். அவள் நீட்டிய மகளின் படத்தைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது.

"நாளைக்கே சட்டசபையில கேக்கறோம்."

மனுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டான்.

"பேரு சொல்லுங்கக்கா."