சளி

செவலைக் கோழியின் அலகைத் திறப்பதற்குள் கற்பூரவல்லிச் சாறு பாதி தமிழ்செல்வியின் பாவாடையில் கொட்டிவிட்டது.

மீதியை இங்க் பில்லரில் உறிஞ்சி எடுத்தாள். இரண்டு சொட்டு உள்ளே போனது. கோழி தலையை உதறி ஒரு சொட்டை அவள் முகத்திலேயே திருப்பித் தெளித்தது.

"குடிச்சுத் தொலையேண்டி. நீயும் போயிட்டா நான் யாருகூடப் பேசுறது?"

கன்னட எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் மார்கழிக் காலை. எட்டு மணியாகியும் ரோட்டில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டே போயின. கூட்டின் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் கழித்துப்போட்ட பலகைகளைக் கொண்டுவந்து அப்பா தங்கதுரை அடித்த கூடு அது. அவர் விருதுநகர்ப் பக்கத்து ஆள். கோழிக்கு வேர்க்கக் கூடாது என்று நாலு பக்கமும் கம்பி வலையாக விட்டுவிட்டார்.

முதல் குளிரிலேயே வெள்ளைக் கோழி விறைத்துக் கிடந்தது.

"இன்னொண்ணும் போச்சுன்னா கூட்டப் பிரிச்சு வெந்நி போட்டுருவேன், பாத்துக்க" என்றார் அப்பா.

அன்றிலிருந்து கூடு தமிழ்செல்வியின் பொறுப்பு. வலையைச் சுற்றிச் சாக்கு கட்டினாள். காற்றுக்காக மேலே மட்டும் ஒரு சாண் விட்டாள். ஈரமான உமியைத் தினமும் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்பினாள். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தாள். அடைப்பெட்டியில் கேழ்வரகுத் தாளுக்குக் கீழே மெத்தென்று ஒன்றை விரித்தாள். அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெட்டியில் செவலை ஒன்பது முட்டையில் உட்கார்ந்து இன்றோடு பத்தொன்பது நாள். இரை எடுக்க வெளியே வரும்போதுதான் பிடித்து மருந்து கொடுக்க முடியும்.

அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கியதும் இவள் பள்ளி நின்றுபோனது. பகலெல்லாம் இவள் குரலைக் கேட்பது இந்தக் கோழி மட்டும்தான்.

சுவருக்கு அந்தப்பக்கம் மாடு வைத்திருக்கும் நாகம்மாள்தான் முதலில் சொன்னது. கன்னடக்காரி. சாணிக் கூடையோடு நின்று, கூட்டின் பக்கம் விரலை நீட்டி, "சளி... சளி ஆகல்வா?" என்றாள்.

முதல் வார்த்தை ஒன்று போதாதா? தமிழ்செல்வி அன்றே மஞ்சள் அரைத்தாள். மாடு வளர்ப்பவள். பார்த்தாலே நோய் தெரியும்.

பத்து நாளாகத் தினமும் அதே விரல், அதே சளி. இவளும் மஞ்சள், மிளகு, துளசி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டாள். கோழி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நெஞ்சுக்குள்ளேயே கட்டிக்கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று நாகம்மாள் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். பில்லரைப் பார்த்தாள்.

"ஏனம்மா இது?"

"மருந்துக்கா. கோழிக்குச் சளின்னு நீங்கதான சொன்னீங்க..."

நாகம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையில் சுற்றியிருந்த சால்வை நழுவி விழும்படி சிரித்தாள். இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு, பல்லைக் கிடுகிடுவென்று அடித்துக் காட்டினாள்.

"சளி!"

குளிர். குளிரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

தமிழ்செல்விக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சாக்கு கட்டிட்டேங்க்கா. கோழிக்குக் குளிராது."

"கோளிகல்லம்மா."

நாகம்மாள் இப்போது சிரிக்கவில்லை. விரல் தமிழ்செல்வியின் நெஞ்சைத் தொட்டது.

"நினகெ."

நினக்கு. அந்தச் சொல்லைப் பாடப் புத்தகத்துச் செய்யுளில்தான் பார்த்திருக்கிறாள். அதை ஒருவர் வாயால் சொல்வார்கள் என்றோ, தன்னைப் பார்த்துச் சொல்வார்கள் என்றோ அவள் நினைத்ததில்லை.

தன் கைகளைப் பார்த்தாள். அரைக்கைச் சட்டைக்குக் கீழே மயிர் குத்திட்டு நின்றது. நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன.

நாகம்மாள் சால்வையை எடுத்து உதறி அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். மாட்டு வாசனையோடு கதகதப்பாக இருந்தது.

பிடி தளர்ந்ததும் செவலை நழுவி ஓடிப் பெட்டிக்குள் ஏறியது. நாகம்மாளும் குனிந்து பார்த்தாள். கோழி காலால் தாளை விலக்கி, வயிற்றை அகட்டி, முட்டைகள் மேல் அமர்ந்தது.

விலகிய தாளுக்குக் கீழே கருநீல ஸ்வெட்டரின் கை ஒன்று தெரிந்தது.

ஜூன் மாதம், பள்ளியில் சேர்த்தபோது வாங்கியது. குளிர் வருவதற்குள் பள்ளி நின்றுவிட்டது.

பள்ளிப் பெயர் தைத்திருந்த பக்கத்தைக் கீழே பார்த்துத்தான் மடித்து வைத்திருந்தாள். முட்டைகளைப் புரட்டும்போது செவலை அதையும் புரட்டி மேலே கொண்டுவந்திருந்தது.