மேல் பஞ்சமத்தில் ஒரு முகம்

சரணத்தின் நடுவில் கேமரா சொடுக்கியது.

அவள் நின்றுவிட்டாள்.

பழக்கம். பன்னிரண்டு வருடம் புடவை விளம்பரங்களுக்கு நின்ற பழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடிக்க வேண்டும். தாடையை அரை அங்குலம் இறக்க வேண்டும். உதடு மூடியும் மூடாமலும் இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தாள். அழகாகவே செய்தாள்.

பாட்டுதான் நின்றுபோயிற்று.

தொடையில் விழ வேண்டிய தாளக் கை அந்தரத்தில், வளையல்களோடு. வயலின் தடுமாறி ஓய்ந்தது. மிருதங்கம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, வண்டிக்காரன் தூங்கிப்போனாலும் வீடு பார்த்து நடக்கும் மாடுபோல.

முன்வரிசைப் பட்டு மாமி பக்கத்து இருக்கையிடம் கிசுகிசுத்தாள்.

"என்ன ஒரு மௌனம் பாத்தேளா! இதெல்லாம் ரத்தத்துல வரணும்."

ரத்தம். ஜமீன் ஒழிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. சபா அழைப்பிதழில் மட்டும் அவள் இன்னும் இளையராணி. சொத்தில் மிஞ்சியது ஒரு மூக்கு. அதை நம்பித்தான் நிரஞ்சன் புடவை வடிவமைத்தான். தன் கற்பனையின் ஊற்றே அவள்தான் என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னான்.

ஊற்றுக்கு முப்பத்தெட்டு வயதானதும் பேட்டிகள் குறைந்தன.

இன்று அவளுடைய முதல் கச்சேரி. முதல் மூன்று வரிசையும் நிரஞ்சன் திரட்டிய கூட்டம். படக்காரரும் அவன் ஆள்தான். உடம்பில் அவனுடைய புதுப் புடவை. அரங்கை நிரப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகே சபாச் செயலாளருக்கு அவளுடைய ஞானம் புலப்பட்டது.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டான், மேடைக்குப் பின்னால், முந்தானையைச் சரிசெய்துகொண்டே.

"மேல போறப்ப வாயை அவ்ளோ திறக்காத, கண்ணா. படம் கோரமா வருது. அந்த ஒரு இடத்தைக் கீழயே பாடிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்குத் தெரியும்.

ஆறு வருடம் விடியுமுன் எழுந்து பிடித்த ஸ்வரம் அது. மேல் பஞ்சமம். அது வேண்டுமென்றால் முகத்தை விட்டுவிட வேண்டும்.

இரண்டும் சேர்ந்து ஒருநாளும் வந்ததில்லை.

"இடம் தவறிடுத்தும்மா." மிருதங்கக்காரர் வாசித்தபடியே முனகினார். "பதறாதேங்கோ. அடுத்த ஆவர்த்தனத்துல எடுத்துக்கலாம். மேலயா, கீழயா? அதுக்குத் தக்கன வாசிக்கறேன்."

அவள் தாளத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

கை தொடையில் விழுந்தது.

சுண்டுவிரல்.

படக்காரர் முழந்தாளிட்டு இன்னும் கிட்டே வந்தார்.

மோதிரவிரல்.

முன்வரிசையிலிருந்து நிரஞ்சன் உதட்டைக் குவித்துக் காட்டினான். சின்னதாக. இன்னும் சின்னதாக.

நடுவிரல்.

தட்டு. திருப்பு.

கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டு. திருப்பு.

வாய் திறந்தது.

கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. புருவம் இரண்டும் முட்டிக்கொண்டன. எந்த விளம்பரப் பலகையிலும் இல்லாத இரண்டாவது தாடை ஒன்று வெளிப்பட்டது. வம்ச மூக்கு இடப்பக்கம் கோணிக்கொண்டது.

பஞ்சமம் கூரைக்குப் போய் நின்றது. இறங்கவில்லை.

சொடுக்குச் சத்தம் வரவில்லை. படக்காரர் கேமராவைத் தாழ்த்தி, என்ன செய்யட்டும் என்பதுபோல நிரஞ்சனைத் திரும்பிப் பார்த்தார்.

நிரஞ்சன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். இருக்கை டப்பென்று மடங்கிக்கொண்டது.

பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. அந்தச் சத்தம் எந்தத் தாளத்திலும் சேரவில்லை.

"இன்னொரு தரம்," என்றார் மிருதங்கக்காரர்.

கண்ணைத் திறக்காமலே அவள் அந்த வரியை மறுபடி எடுத்தாள். வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்து.