திட்டு வாங்க ஆறு பேர்

"இது மீன் கூடை இல்லை. உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கேன்."

ஹெய்சாகு இதைச் சொன்னபோது நாற்காலி நாலைந்து படிகூட ஏறியிருக்கவில்லை.

நாற்காலியின் இரண்டு பக்கமும் நீளக் கம்பு கட்டி, ஆறு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருமே ஓய்வு பெற்றவர்கள். முதுகில் சங்கத்தின் பெயர் எழுதிய நீல மேலங்கி. நடக்க முடியாமல் வருகிற வெளியூர்க்காரர்களை மலைமேல் இருக்கும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் சங்கத்தின் வேலை. கூலி கிடையாது.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிய மகள் தோமோயோவுக்குக் காது சிவந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். படி ஏறியதைவிடக் குனிந்ததில்தான் அவளுக்கு இடுப்பு வலித்தது.

ஹெய்சாகு கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதம் காலை எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது.

முன்னால் பிடித்திருந்த சங்கத் தலைவர் உகாக்கி, வங்கி மேனேஜராக இருந்தவர் என்று தெரிந்ததும், வேலை பார்த்த காலத்தில் பேனாவைத் தவிர வேறு எதையும் தூக்கியதில்லையா என்று ஹெய்சாகு அவரைக் கேட்டார். பின்னால் இருந்தவர் பள்ளித் தலைமையாசிரியர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான்.

"ஓகோ. பசங்களை வெயில்ல மைதானத்துல நிக்கவெச்சு மணிக்கணக்கா பேசினவர் நீங்கதானா? இப்ப மூச்சு வாங்குதோ?"

எதிரே இறங்கி வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். தன் மாமனாரும் இதே ரகம்தான் என்றும், அவர் போனபிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது என்றும் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது தோமோயோ காதில் விழுந்தது.

மூச்சு வாங்க நாற்காலியை இறக்கிவைத்த இடத்தில் அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, ஒரு நன்றியாவது சொல்லுங்க."

"முதல்ல நேராப் பிடிக்கக் கத்துக்கட்டும்."

ஒருவழியாக உச்சிக்கு வந்துசேர்ந்தார்கள். கீழே கடல் பளபளத்தது. ஹெய்சாகு சன்னிதிக்கு முன்னால் தலை வணங்கி, அந்தக் கோயில் முறைப்படி இரண்டு தடவை கைதட்டிக் கும்பிட்டார். தூக்கி வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்கள்.

தோமோயோ முகம் கழுவலாம் என்று கோயிலுக்குப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே ஜம்மென்று வெளியே வந்தாள்.

லிஃப்ட்.

தோமோயோ நேராக உகாக்கியைத் தனியே கூப்பிட்டாள். குனிவதையெல்லாம் மறந்துவிட்டாள். உகாக்கி தன் ஷூவைப் பார்த்தார். போன வசந்தத்தில்தான் வைத்தார்கள் என்றார். அதற்குப் பிறகு யாரும் தங்களைக் கூப்பிடுவதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவதாகவும், இந்த மாதத்தோடு சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பேசியிருப்பதாகவும் சொன்னார்.

"சொல்லத்தான் நினைச்சோம். பெரியவரே வந்து 'தூக்குங்க'ன்னு சொன்னதும், வாய் வரலைங்க."

"உங்க கால் தவறி எங்கப்பா விழுந்திருந்தா? உங்க பொழுதுபோக்குக்கு அவர்தான் கிடைச்சாரா?"

உகாக்கி இடுப்புவரை வளைந்து நின்றார், நிமிரவே இல்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு அவள் அப்பாவிடம் ஓடினாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

ஹெய்சாகு கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"என்னது?"

"ஸ்டேஷன்ல உதவி மேஜைப் பொண்ணு சொன்னா. நீ டாய்லெட் போயிருந்தே. பின்பக்கம் லிஃப்ட் இருக்கு, ஜாலியாப் போயிடலாம்னா. முன்பக்கம் ஆறு பேர் ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருக்காங்கன்னும் அவதான் சொன்னா."

தோமோயோ பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா? அப்புறம் எதுக்குப்பா அவங்களை அந்தத் திட்டுத் திட்டினீங்க?"

"நன்றி நன்றின்னு சொன்னா, கிழவனுக்குப் புண்ணியம் பண்ணின மாதிரி ஆயிடும். திட்டினாத்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கும். ரிட்டையரான ஆளை யாரும்மா திட்டுறாங்க? வீட்டுல 'கொஞ்சம் ஓரமா உட்காருங்க'ங்கறதோட சரி. எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு. அங்கே பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நிழலில் தலைமையாசிரியர், ஹெய்சாகுவின் குரலிலேயே "மூச்சு வாங்குதோ?" என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த திட்டை ஒருவருக்கொருவர் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

தோமோயோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உகாக்கியிடம் போய் இன்னொரு தடவை குனிய வேண்டியிருந்தது. இந்தத் தடவை மனசாரக் குனிந்தாள். திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சரிப்பா. ஆசைப்பட்டபடி ஏறியாச்சு. இறங்கும்போதாவது லிஃப்ட்ல போகலாமா?"

"அது முடியாது. அதோ தனியா டீ குடிக்கிறார் பாரு, அவர் தூக்கினதுல ஒரு குறையும் இல்லை, ஒரு வார்த்தைகூடத் திட்ட முடியலை. பாவம், முகமே தொங்கிப்போச்சு. இறங்கும்போது ஏதாவது பார்த்துச் சொல்லணும்."