ஒருவர் மட்டும் வரவில்லை

"தம்பி போட்டோவைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கவா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் அலுவலக எழுத்தர் காகிதக் கட்டை என் மேஜையில் போட்டார்.

போட்டோவில் தம்பிக்கு முப்பத்தொரு வயது. இனி ஏறப்போவதும் இல்லை.

பதினெட்டுப் பக்கம். பத்தொன்பது வருடங்களில் நான் எழுதிய நூற்றுப் பதின்மூன்று ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். எச்.ஐ.வி. தடுப்பு, காசநோய், மஞ்சள் காமாலை என்று ஊரில் உள்ள கிருமிகள் எல்லாம் வரிசையில் நின்றன. இயக்குநர் பதவிக்கான விண்ணப்பம். மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

படிக்கப் படிக்கக் களைப்பாக இருந்தது. இத்தனையும் எழுதியவள் நான்தான் என்பதற்கு என் முதுகுவலியை விட்டால் வேறு சாட்சி இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'மேற்கண்ட கட்டுரைகளில் உள்ளவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை.' அதற்குக் கீழே கையெழுத்துக்காக ஒரு கோடு.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

போன் அடித்தது. எடுத்தேன். விண்ணப்பம் கிளம்பிவிட்டதா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். இதோ என்றேன்.

எழுத்தர் சிரித்தார். நான் எந்தப் போனையும் இரண்டாவது முறை அடிக்க விடுவதில்லை. சாப்பிட்ட கையோடு ஓடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'போன்காரம்மா' என்கிறார்கள். தெரியாதது போல இருக்கிறேன்.

"முதல் கட்டுரையை எடுத்துடுங்க" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னை நாலு பேருக்குத் தெரியவைத்ததே அந்தக் கட்டுரைதான். எச்.ஐ.வி. தொற்றாதவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்து, தொற்றாமலே தடுக்க முடியுமா என்று பார்த்த ஆய்வு. முந்நூறு பேர். மாதம் ஒரு முறை வந்து, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கிப் போக வேண்டும். இரண்டு வருடம். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கடைசிவரை வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

"அதை எடுத்தா பதவி பக்கத்து ரூம்காரருக்குத்தான் மேடம். அதுல என்ன தப்பு? வராம போன அந்த ஒரு ஆளுக்கும் நான்தானே மூணு ஞாயித்துக்கிழமை போன் போட்டேன்? யாருமே எடுக்கல. அதைத்தானே எழுதுனீங்க?"

உண்மைதான். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். தாளில் பெயர்கள் இருக்காது, ஆளுக்கு ஓர் எண்ணும் ஒரு போன் நம்பரும்தான். வராதவர்களை மூன்று முறை அழைக்க வேண்டும் என்பது விதி. அவர் அழைத்தார். நான் எழுதினேன்: 'எண் 214. ஐந்தாவது மாதத்திலிருந்து வரவில்லை. மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. காரணம் தெரியவில்லை.'

காரணம் எனக்குத் தெரியும்.

மாத்திரை வாங்க வருபவர்களின் முகத்தை நான் பார்க்கக் கூடாது. அதுவும் விதி. அந்த ஐந்தாவது மாதம் ஒருநாள் நர்ஸ் லீவு. வேறு ஆள் இல்லையென்று மாத்திரை ஜன்னலில் நானே போய் உட்கார்ந்தேன். வரிசையில் நான்காவதாக நின்றவன் என்னைப் பார்த்தான். கையிலிருந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் பார்த்தபோது 214-க்கு உரிய மாத்திரை மட்டும் மிச்சமிருந்தது.

இந்த நோயைப் பற்றி வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள் என்று மேடை மேடையாகச் சொன்னவள் நான். என் வீட்டில் நான் செய்யும் வேலை 'ஏதோ கிருமி' என்பதோடு சரி.

பார்க்காதது போல இருந்துவிட்டால் அடுத்த மாதம் வந்துவிடுவான் என்று நினைத்தேன். அதுதான் மரியாதை என்றும் நினைத்தேன். மடத்தனம். மறுவருடம் அவனுக்குத் தொற்றியது. வெளியே சொல்லாமலே வைத்திருந்தான். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

எழுத்தர் பெருமூச்சு விட்டு, பட்டியலின் முதல் வரியைக் கோடு போட்டு அடித்தார். போட்டோவைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் போன் அடித்தது எங்கள் வீட்டில்தான். சோபாவின் ஒரு முனையில் நான், மறு முனையில் தம்பி. யார் அழைப்பது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"யாராவது எடுங்களேன்" என்று மூன்று முறையும் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அடித்து ஓயும்வரை நாங்கள் இருவரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம்.