ஒழுகும் கோட்டை

கூரையிலிருந்து சொட்டிய முதல் துளி, கோட்டை வாங்க வந்த மதாம் வெர்னேயின் மூக்கு நுனியில்தான் விழுந்தது. தரகர் சொலாஞ்சுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இதற்கு முன் வந்த பதினோரு பேரும் இந்த இடத்தில்தான் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மதாம்," என்று தகர வாளியைக் காலால் நகர்த்தினார் சீமாட்டி சிதோனி. "எங்கப்பா காலத்துலேருந்தே இப்படித்தான் ஒழுகுது."

சொலாஞ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். விற்கிறவரே குறையைத் தண்டோரா போட்டால் தரகர் என்னதான் செய்வது?

கோட்டை மூன்று பேருக்குப் பொது. பாரிஸில் இருக்கும் தம்பிகள் இருவரும் விற்றுத் தொலைத்தால் போதும் என்கிறார்கள். பிறந்ததிலிருந்து எழுபத்திரண்டு வருஷமாக இங்கேயே இருக்கும் அக்கா சிதோனிதான் ஒரு நிபந்தனை போட்டார். குறையெல்லாம் அவரே காட்டுவார். அதைப் பார்த்த பிறகும் வேண்டும் என்கிறவருக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

"மறைச்சு விக்கற வழக்கம் எங்க வம்சத்துல இல்ல" என்பார் சீமாட்டி. கேட்டுக் கேட்டு சொலாஞ்சுக்குக் காது புளித்துவிட்டது. இந்த வாரம் முடியாவிட்டால் வேறு தரகரைப் பார்ப்பதாகத் தம்பிகள் நேற்றே சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷ அலைச்சலும் அத்தோடு போச்சு.

மதாம் வெர்னேயைப் பார்த்தால் கோட்டை வாங்குகிற ஆளாகவே தெரியவில்லை. பக்கத்து மாவட்டத்தில் வைக்கோல் வியாபாரம். இந்தக் கோடையில் மேய்ச்சல் நிலமெல்லாம் கருகியதில், மாடு வளர்ப்பவர்கள் அவர் வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம். கையில் காசு சேர்ந்ததும் தங்கும் விடுதி ஒன்று நடத்தும் ஆசை வந்திருக்கிறது.

சீமாட்டி ஒன்றையும் விடவில்லை. கோபுரப் படிக்கட்டில் காணாமல் போன ஒன்பது படிகளைக் காட்டினார். சிற்றாலயத்தில் ஆந்தை குடியிருக்கும் பீடத்தைக் காட்டினார். சமையலறைச் சுவரில் ஒரு குத்து விட்டு, உதிர்ந்த காரையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். வைக்கோல்காரம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது மூன்று இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார் மதாம் வெர்னே.

"வேண்டாம்மா. மேல மரத்தரை பூரா உளுத்துப்போச்சு. கால் வச்சீங்கன்னா நேரா இங்க வந்து விழுவீங்க, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"சரி. வேலைக்கு ஆள் யாரும் இல்லையா? வந்ததுலேருந்து ஒருத்தரையும் காணோமே."

"தோட்டக்காரன் அன்செல்ம் இருக்கான். தோட்டத்துக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்களே, சும்மா எங்கயாவது சுத்திட்டு இருப்பான்."

மதாம் வெர்னே மேசையைக் கையால் துடைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கூரையை முழுசாக மாற்ற வேண்டியிருக்குமோ என்று கவலையோடு கேட்டார். சீமாட்டியின் முகம் மலர்ந்தது. ஆள் ஓடப்போகிற அறிகுறி சொலாஞ்சுக்கும் தெரிந்தது.

"முழுசாத்தான். ஒரு ஓடு தேறாது," என்றார் சீமாட்டி.

"உத்தரம்?"

"அதுவும் போயிருக்கும். ஈரம் சுவத்துக்குள்ளயும் இறங்கியிருக்கும், எழுதிக்குங்க."

மதாம் வெர்னே ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு செலவிருக்கு. அதனால கேட்ட விலையில பாதி தர்றேன். இன்னிக்கே முடிச்சுக்கலாம்."

சொலாஞ் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். தம்பிகள் தொகையை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. சம்மதம் சம்மதம் என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். கூடத்துக்கு அவள் திரும்பியபோது சீமாட்டி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? இவ்வளவு ஒழுகுது, பார்த்தீங்கல்ல?" என்றார் சீமாட்டி.

"பார்த்தேன். அதுக்குத்தானே பாதி விலை."

சொன்ன சொல்லைச் சீமாட்டி மீறவில்லை. சொலாஞ் நீட்டிய தாளில், வழக்கப்படி, 'இந்த விலைக்குச் சம்மதம்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறந்த வீடு கை நழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா?

சொலாஞ்சுக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரே ஒரு பொய், 'பழுது பார்த்தாச்சு' என்று சொல்லியிருந்தால் முழு விலையாவது கிடைத்திருக்கும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நேர்மையா என்று நினைத்துக்கொண்டாள்.

மதாம் வெர்னே தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து, பையை மூடினார். பிறகு நிதானமாக அண்ணாந்து, சொட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஐயா அன்செல்ம், மழை பேஞ்சு நாப்பத்தி மூணு நாளாச்சு, பூவாளியை வச்சிட்டுக் கீழ இறங்கி வாங்க."